ஜாகை, முகாம், கம்பெனி வீடு: பயண நாடகக் கலைஞரின் நகரத் தங்கலும் அதைச் சுட்டும் சொற்களும்

1. முன்னுரை

ஐதராபாத் மாநகரின் கிழக்கு வாயில் உப்பல். வாரங்கல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர் வழியே நகரைவிட்டு வெளியேறுகிறது. கிழக்கு மாவட்டங்களிலிருந்து வருவோர்க்கு நகரம் தொடங்குமிடமும் இதுவே. இவ்வூர் 'உப்பல் கலான்' என்றும் வழங்கும். 'கலான்' என்பது 'பெரிய' எனப் பொருள்படும் பாரசீகச் சொல். 2007இல் பெருநகர மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை இங்கிருந்த நகராட்சி இப்பெயரையே கொண்டிருந்தது. உப்பலுக்கு வடமேற்கில் அமைந்த சிக்கந்தராபாத்துக்கு மக்கள் வழக்கில் 'லஷ்கர்' என்றொரு பெயர் உண்டு. அங்கு நிகழும் போனாலு விழா இன்றும் 'லஷ்கர் போனாலு' எனப்படுகிறது. 'லஷ்கர்' என்பது படையையும் படை தங்குமிடத்தையும் குறிப்பது. சிலகாலம் தங்கிச் செல்வதற்கென்று ஏற்பட்ட ஓரிடத்தின் பெயர், தங்கியவர் போன பின்னும் ஊர்ப்பெயராக நின்றுவிட்டது.

இது தக்காணத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. தமிழில் 'பாளையம்' என முடியும் ஊர்ப்பெயர்களும் படை தங்கிய இடத்தைக் குறித்து எழுந்தவையே. ஆனால் படையைப் போலவே ஊர்விட்டு ஊர் சென்று தங்கிய மற்றொரு கூட்டத்தார் எந்த ஊருக்கும் தம் தங்கலைப் பெயராக விட்டுச் சென்றாரல்லர். அவர்கள் நாடகக் கலைஞர்கள். நகரம் அவர்களைப் பார்த்தது, பேசியது, பின் மறந்தது. அவர்கள் தங்கியதற்கான தடயம் ஊர்ப்பெயர்களில் இல்லை. அவர்கள் எழுதிய தன்வரலாற்று நூல்களின் சொற்களில் இருக்கிறது.

அச்சொற்களை ஒரே பொருளுடையனவாகக் கொண்டு, 'தங்குமிடம்' என்னும் ஒரு சொல்லால் பெயர்த்துவிடும் போக்கு இன்று காணப்படுகிறது. அது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. 'ஜாகை', 'முகாம்', 'கம்பெனி வீடு' என்பன ஒருபொருட் பன்மொழியல்ல. தங்குபவர் எத்தனை நாள் தங்குகிறார், யார் செலவில் தங்குகிறார், யாரோடு தங்குகிறார், விரும்பியபோது புறப்பட அவருக்கு உரிமையுண்டா என்னும் நான்கு செய்திகளில் இவை வேறுபடுகின்றன. இவ்வேறுபாட்டை இழக்கும் மொழிபெயர்ப்பு, நாடகக் கலைஞரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பகுதியை இழந்துவிடுகிறது.

2. பெல்லாரியிலிருந்து சென்னைக்கு: 1891

பயணக் கலைஞர் ஒரு பெருநகரில் தங்கியதால் விளைந்த பயனுக்குத் தமிழ் நாடக வரலாற்றில் மிகத் தெளிவான சான்று 1891ஆம் ஆண்டு நிகழ்ச்சியே. அவ்வாண்டு பெல்லாரியைச் சேர்ந்த சரச விநோதினி சபா சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்களை நடித்தது. அதன் தலைவர் தர்மவரம் கிருஷ்ணமாசாரியார். தொழிலால் வழக்கறிஞர். அந்நாளில் பெல்லாரி சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தெலுங்கும் கன்னடமும் ஒருங்கு வழங்கிய ஊர். இந்நாடகங்களைக் கண்ட இளைஞருள் ஒருவர் பம்மல் சம்பந்த முதலியார். அதுவரை தமிழ் நாடகத்தின்பால் அவருக்கு மதிப்பு இருந்ததில்லை. கற்றவர்களும் சமூக மதிப்புடையவர்களும் மேடையேறி நடிக்கலாம் என்பதை அக்குழுவினரிடமே அவர் கண்டார். அதே ஆண்டு சூலை முதல் நாள் சென்னையில் சுகுண விலாச சபா தோன்றிற்று.

இந்நிகழ்ச்சியை நாடக வரலாற்றாசிரியர் பலரும் குறிப்பிடுவர். எனினும் அதில் மொழியியலார் கருதத்தக்க ஒரு செய்தி போதிய கவனம் பெறவில்லை. பெல்லாரிக் குழுவினர் விட்டுச் சென்றது நாடகப் பனுவலை அன்று. ஒரு பெயரிடும் முறையையும் அப்பெயருக்குள் அடங்கிய சமூகத் தகுதியையுமே. 'சரச விநோதினி சபா', 'சுகுண விலாச சபா' என்னும் இரு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் இது விளங்கும். இரண்டிலும் முதலில் ஒரு பண்பு, அடுத்து இன்பத்தையோ விளையாட்டையோ குறிக்கும் சொல், இறுதியில் 'சபா'. மூன்றும் வடசொற்கள். 'சபா' என்னும் சொல் அவையை, அவைக்குரியாரைக் குறிப்பது. கூலிக்கு ஆடுவோர் கூட்டத்துக்கு அன்று வழங்கிய பெயர் அதுவன்று.

இருபதாம் நூற்றாண்டின் தொழில்முறைக் குழுக்களும் இப்பெயரையே மேற்கொண்டன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தோற்றுவித்த குழு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா எனப்பட்டது. தி.க. சண்முகமும் உடன்பிறந்தாரும் 1925இல் தொடங்கியது மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா. நவாப் இராஜமாணிக்கத்தின் குழு தேவி பால விநோத சங்கீத சபா. விளம்பரத்தாளில் 'சபா' என்று அச்சிட்டிருப்பினும் மக்கள் அவற்றைக் 'கம்பெனி' என்றே அழைத்தனர். உள்ளிருந்தவர்களும் அவ்வாறே அழைத்தனர். ஆக, ஒரே குழுவுக்கு எழுத்து வழக்கில் ஒரு பெயரும் பேச்சு வழக்கில் ஒரு பெயரும் அமைந்தன. முன்னது அவர்கள் பெற விரும்பிய தகுதி. பின்னது அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை. 'சபா' உறுப்பினர் வெளியூர் சென்றால் விருந்தினர்; 'கம்பெனி' நடிகர் வெளியூர் சென்றால் பிழைக்க வந்தவர். நகரத் தங்கலின் சொற்கள் இவ்வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன.

பம்மல் சம்பந்த முதலியாரின் 'நாடக மேடை நினைவுகள்' விருந்தினரின் தங்கலைக் கூறும் நூல். அவர் வழக்கறிஞராகவும், பின்னர் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். சுகுண விலாச சபாவினர் பெங்களூருக்கும் இலங்கைக்கும் நாடகமாடச் சென்றபோது, அவரவர் அலுவலுக்குத் திரும்ப வேண்டிய நாள் புறப்படும்போதே வரையறுக்கப்பட்டிருந்தது. அவர்கள் தங்கியது திரும்புதலை உறுதியாகக் கொண்ட தங்கல். தொழில்முறைக் கலைஞர்க்கு அவ்வுறுதி இல்லை.

3. சொற்கள் வந்த வழி

'ஜாகை' என்பது பாரசீக மூலமுடையது. இந்துஸ்தானி வழியாகத் தென்மொழிகளுக்கு வந்தது. மராட்டியிலும் தெலுங்கிலும் 'ஜாகா' என்னும் வடிவில் 'இடம்', 'மனை', 'நிலம்' என்னும் பொருள்களைத் தருகிறது. தமிழிலோ அதன் பொருள் சுருங்கி, 'ஒருவர் குடியிருக்கும் அல்லது தற்காலிகமாகத் தங்கும் வீடு' என்றாயிற்று. 'ஜாகை மாற்றினார்' என்றால் வாடகை வீட்டை மாற்றினார் என்பது பொருள். சொந்த வீட்டை விற்று வேறு வீடு வாங்கினார் என்பது பொருளன்று. உரிமையற்ற குடியிருப்பு என்னும் குறிப்பு இச்சொல்லில் எப்போதும் உண்டு. சொந்த ஊரில் சொந்த வீட்டில் இருப்பவரைப் பற்றி இச்சொல் இயல்பாக வருவதில்லை.

'முகாம்' அரபு மூலமுடையது. நிற்குமிடம் என்பது அதன் அடிப்படைப் பொருள். இசையில் பண்வகையைக் குறிக்கும் 'மகாம்' என்னும் சொல்லும் இதுவே. தமிழில் அரசு அலுவலர் சுற்றுப்பயணத்தில் தங்குவதும், படை தங்குவதும், நாடகக் கம்பெனி தங்குவதும் 'முகாம்' எனப்பட்டன. இது தனியொருவரின் தங்கலைக் காட்டிலும் ஓர் அமைப்பின் தங்கலையே சுட்டும். 'கம்பெனி திருச்சியில் முகாம்' என்று சொல்லலாம். அதே கம்பெனியின் சமையற்காரர் தங்கியிருந்த அறையை 'முகாம்' என்று சொல்வது வழக்கன்று. தெலுங்கிலோ 'மகாம்' என்னும் வடிவில் அச்சொல் தனியொருவரின் தங்கலுக்கும் இயல்பாக வருகிறது. தமிழ் 'ஜாகை' உணர்த்துவதைத் தெலுங்கு 'மகாம்' உணர்த்துகிறது என்று கொள்ளலாம். மூலம் ஒன்றாயினும் இரு மொழிகளிலும் பொருள் இடம் மாறி அமைந்துள்ளது.

'டேரா' என்னும் சொல்லும் இவ்வினத்ததே. கூடாரம் என்னும் பொருளில் வந்த இச்சொல், 'டேரா போடுதல்' என்னும் தொடரில், வேண்டிய அளவுக்கு மேல் தங்கிவிட்ட விருந்தாளியைச் சுட்டும் ஏளனக் குறிப்பைப் பெற்றது. கூடாரத்தில் வாழ்வோர் பற்றி வீட்டில் வாழ்வோர் கொண்டிருந்த எண்ணம் இத்தொடரில் பதிவாகியுள்ளது.

மேடைப் பொருள்களின் பெயர்களும் இதே வழியைக் காட்டுகின்றன. 'படுதா' என்பது பாரசீகப் 'பர்தா'. தெலுங்கில் இது 'பரதா' என ரகரத்தோடு வழங்குகிறது. மராட்டியில் 'படதா' என டகரம் பெறுகிறது. தமிழ்ப் 'படுதா'வில் உள்ள டகரம், இச்சொல் மராட்டி வழியாக வந்தது என்று கருத இடமளிக்கிறது. வரலாறும் இதற்கு இயைபுடையது. தஞ்சையில் மராட்டியர் ஆட்சி நிலவியது. தமிழகத்தில் தோற்பாவைக்கூத்து நிகழ்த்துவோரின் வீட்டுமொழி மராட்டியாகவே தொடர்கிறது. 'வசூல்' என்னும் அரபுச் சொல்லும் நாடகத் தன்வரலாறுகளில் ஓர் உயிர்ச்சொல். ஒரு நகரில் எத்தனை நாள் தங்குவது என்பதை முடிவு செய்தது அதுவே. வசூல் உள்ளவரை முகாம். வசூல் குறைந்தால் அடுத்த ஊர்.

இனி, இக்கடன்சொற்களுக்கு முன்னர் தமிழில் இவ்வகைச் சொற்கள் இல்லையோ எனின், இருந்தன. 'பாசறை', 'பாடி', 'படைவீடு' ஆகியவை படை தங்குமிடத்தைச் சுட்டின. 'விடு' என்னும் அடியினின்று 'விடுதி' பிறந்தது. தெலுங்கில் 'விடிதி' அதற்கு இனமான சொல். 'வீடு' என்னும் சொல்லும் 'படைவீடு' என்னும் தொடரில் நிலையற்ற தங்கலையே குறித்து நின்றது. இன்று முருகன் திருத்தலங்களின் பெயரில் மட்டும் அப்பொருள் எஞ்சியுள்ளது. நிலையாக வாழுமிடம் என்னும் பொருள் 'வீடு' என்னும் சொல்லில் வலுப்பெற்ற பின், நிலையற்ற தங்கலுக்குத் தனிச்சொற்கள் தேவைப்பட்டன. அவ்விடத்தைக் கடன்சொற்கள் நிரப்பின.

வினைச்சொற்களும் கருதத்தக்கன. ஒருவர் வீட்டில் தங்கியதை 'அவர் வீட்டில் இறங்கினோம்' என்று கூறுவது வழக்கு. வண்டியிலிருந்து இறங்குவதும் தங்குவதும் ஒரே வினையால் உணர்த்தப்படுகின்றன. முகாம் 'போடப்படுவது', கூடாரம் 'அடிக்கப்படுவது', வீடு மட்டுமே 'கட்டப்படுவது'. பெயர்ச்சொல்லை மட்டும் பெயர்த்து வினையை விட்டுவிடும் மொழிபெயர்ப்பாளர், தங்கலின் நிலையாமையை உணர்த்தும் பாதியைத் தவறவிடுகிறார்.

4. கம்பெனி வீடு

தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' தொழில்முறைக் கலைஞரின் தங்கலைக் கூறும் நூல்களுள் முதன்மையானது. 1912இல் பிறந்த அவர் ஆறாம் அகவையில் உடன்பிறந்தாருடன் சங்கரதாஸ் சுவாமிகளின் குழுவில் சேர்ந்தவர். தந்தை கண்ணுசாமிப் பிள்ளையும் பெண்வேடம் புனைந்த நடிகர். சிறுவரைக் கொண்டே நடத்தப்பட்ட இவ்வகைக் குழுக்கள் 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்டன. அங்குப் பெண்வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். 'ராஜபார்ட்', 'ஸ்திரீபார்ட்', 'கள்ளபார்ட்' என வடமொழியும் தமிழும் ஆங்கிலத்தோடு புணர்ந்த தொகைச்சொற்கள் இங்கு வழங்கியவையே. ஒரு சொல்லுக்குள் இருமொழி கூடுவது இலக்கணிகளுக்குப் பிழையாகத் தோன்றலாம். ஆயினும் ஒரு சிறுவனின் குரல், உடல்வாகு, ஊதியம், உணவுப் பந்தியில் அவனுக்குரிய இடம் ஆகிய யாவற்றையும் சுட்டும் தொழிற்பெயர் அது.

இச்சிறுவர் வாழ்ந்த இடம் 'கம்பெனி வீடு'. நாடகம் நடைபெறும் கொட்டகை வேறு. கம்பெனி வீடு வேறு. ஊருக்கு ஊர் கம்பெனி வீடு மாறும். அங்கு நிகழும் வாழ்க்கை மாறாது. உண்பதும் உறங்குவதும் பாடம் கேட்பதும் அடி வாங்குவதும் அங்கேதான். எந்த நகருக்குச் சென்றாலும் சிறுவர்க்கு நகரம் என்பது கம்பெனி வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடைப்பட்ட தெரு. தெருவில் நடந்தால் மக்கள் அவர்களை வேடப்பெயரால் அடையாளம் கண்டு வியந்தனர். நகரின் வீடுகளுக்குள் அவர்கட்கு இடமில்லை.

இத்தொகையில் 'வீடு' என்னும் சொல் நின்று உணர்த்தும் பொருள் ஆழமானது. 'கம்பெனி' ஆங்கிலச் சொல். வணிக நிறுவனம் என்பது அதன் பொருள். 'வீடு' தமிழரின் நெருங்கிய சொல். ஒப்பந்தத்தைக் குறிக்கும் சொல்லும் உறவைக் குறிக்கும் சொல்லும் ஒட்டி நிற்கின்றன. உள்ளே வழங்கிய முறைப்பெயர்களும் இதையே காட்டும். பாடம் சொல்பவர் 'வாத்தியார்', தலைமகன் 'அண்ணாச்சி'. தி.க. சண்முகமே பின்னாளில் நாடக, திரையுலகினரால் 'அண்ணாச்சி' என்றே அழைக்கப்பட்டார். தாய்தந்தையரைப் பிரிந்த சிறுவர், வணிக நிறுவனத்துக்குள் உறவுச்சொற்களால் ஒரு குடும்பத்தை அமைத்துக்கொண்டனர் எனலாம். ஆனால் அக்குடும்பத்திலிருந்து விரும்பியபோது புறப்பட அவர்களுக்கு உரிமையில்லை. ஒப்பந்த ஆண்டுகள் முடிய வேண்டும். இல்லையேல் இரவில் ஓடிப்போக வேண்டும். 'ஓடிப்போதல்' நாடகத் தன்வரலாறுகளில் அடிக்கடி வரும் வினை. ஜாகையிலிருந்து எவரும் 'ஓடிப்போவதில்லை', 'காலி செய்கின்றனர்'. கம்பெனி வீட்டிலிருந்தே ஓடிப்போகின்றனர். இரு சொற்களும் ஒருபொருளன அல்ல என்பதற்கு இவ்வினை வேறுபாடே போதிய சான்று.

சங்க இலக்கியத்துப் பயணக் கலைஞரோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு மேலும் விளங்கும். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் சென்ற பொருநன் பல நாள் விருந்துண்டு, பின் தன் சுற்றத்தாரிடம் திரும்ப விடை கேட்கிறான். மன்னனுக்குப் பிரிய மனமில்லை. எனினும் பரிசில் தந்து விடுக்கிறான். தங்குவித்தல் புரவலன் கடமை; புறப்படுதல் கலைஞன் உரிமை. இவ்விரண்டும் சேர்ந்ததே அக்காலத் தங்கல். கம்பெனி வீட்டில் தங்குவித்தல் முதலாளியின் தேவையாயிற்று, புறப்படுதல் குற்றமாயிற்று.

5. சுரபி: குழுவே குடும்பமாக

தெலுங்கு நாட்டின் சுரபி நாடகக் குழுக்கள் இதற்கு எதிர்நிலையில் அமைந்தவை. 1885இல் கடப்பைப் பகுதியிலுள்ள சுரபி என்னும் சிற்றூரில் வனாரச கோவிந்தராவ் முன்னின்று 'கீசக வதம்' நாடகத்தை நிகழ்த்தியதே இம்மரபின் தொடக்கம். இவர்கள் மராட்டிய வழியினர். தோற்பாவைக்கூத்து நிகழ்த்திய குடும்பத்தார். சுரபியின் தனித்தன்மை அதன் அமைப்பில் உள்ளது. நடிகர், நடிகையர், இசைக்கலைஞர், ஒப்பனை செய்வோர் ஆகிய யாவரும் உறவினர். பெண்வேடங்களைப் பெண்களே ஏற்றனர். குழந்தைகள் மேடையருகிலேயே வளர்ந்து, குழந்தை வேடத்தில் தொடங்கி முதியவர் வேடம்வரை நடித்தனர். ஒரு குழு பெருகினால் புதிய குடும்பக் குழுவாகப் பிரிந்தது.

ஆகவே சுரபிக் கலைஞர் எந்த நகரில் தங்கினாலும் குடும்பத்தோடு தங்கினர். தமிழ்ச் சிறுவர் ஒப்பந்தத்தை உறவுச்சொற்களால் மூடிக்கொண்டனர். சுரபியினரோ உறவையே தொழிலமைப்பாக்கினர். அங்கு 'கம்பெனி வீடு' என்னும் சொல்லுக்கு நேரான ஒன்று வேண்டியதில்லை. குழு தங்கிய இடமே வீடு. பிறந்த சிற்றூரின் பெயரை அவர்கள் தம் பெயருக்கு முன்னொட்டாகக் கொண்டதும் கருதத்தக்கது. நிலையான வீடு இல்லாதவர் ஓர் ஊர்ப்பெயரைத் தம்மோடு சுமந்து சென்றனர். படை, தன் பெயரை ஊருக்குத் தந்தது. நாடகக் குழு, ஊரின் பெயரைத் தான் பெற்றது.

இக்குடும்பங்களுள் ஒரு பகுதியினர் ஐதராபாத்தின் மேற்குப் புறமாகிய சேரிலிங்கம்பள்ளியில் நிலையாகக் குடியமர்ந்தனர். அவ்விடம் 'சுரபி காலனி' என வழங்குகிறது. 'பயணக் கலைஞர் எந்த ஊருக்கும் தம் தங்கலைப் பெயராக விட்டுச் செல்லவில்லை' என்று தொடக்கத்தில் கூறியதற்கு ஐதராபாத்தே தரும் புறனடை இது. ஸ்ரீ வேங்கடேசுவர நாட்டிய மண்டலியை நடத்திய சுரபி நாகேசுவரராவுக்கு 2013இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2022இல் அவர் மறைந்தார். 1990களில் பி.வி. காரந்த் இவர்களோடு இணைந்து பணியாற்றியதும் குறிப்பிடத்தக்கது.

எனினும் முகவரி கிடைத்ததால் முன்பிருந்த ஒன்று மாறிற்று. முன்பு குழு நகரைத் தேடிச் சென்றது. இப்போது நகரம் குழுவைத் தேடி வர வேண்டும். மாயங்களும் பறக்கும் காட்சிகளும் நிறைந்த அரங்க நுட்பம் புதிய ஊர்தோறும் புதிய வியப்பை எழுப்பியது. ஒரே நகரில் தங்கிவிட்ட குழுவுக்கு அவ்வியப்பு தானாக வாய்ப்பதில்லை. நாடகப் பட்டியலைப் புதுப்பித்தாக வேண்டும். பயணக் குழு ஊரை மாற்றியது. குடியமர்ந்த குழு நாடகத்தை மாற்ற நேர்கிறது. குடியமர்வை வெற்றி என்று மட்டும் எழுதுவதும், பயணம் அழிந்ததே என்று இரங்கி எழுதுவதும் ஒருபக்கப் பார்வையே. குழந்தைகளின் கல்வியும் முதியோரின் மருத்துவமும் முகவரியால் எளிதாயின. அரங்கின் பொருளியல் அதே முகவரியால் கடினமாயிற்று. இரண்டும் உண்மை.

6. தங்கலற்ற பயணம்

தமிழகத்தில் பாய்ஸ் கம்பெனிகள் மறைந்த பின்னும் தொடர்வது 'ஸ்பெஷல் நாடகம்'. இதில் நிலையான குழு இல்லை. ஒவ்வொரு கலைஞரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு, இரவில் ஓர் ஊரில் கூடி, விடியும்வரை நடித்து, காலையில் பிரிகின்றனர். சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' போன்ற நாடகங்களின் பாட்டும் உரையாடலும் அனைவர்க்கும் பொதுவாகத் தெரிந்திருப்பதால் ஒத்திகையின்றியே இது இயல்கிறது. இங்கு முகாம் இல்லை, ஜாகையும் இல்லை. கலைஞர்க்கு மதுரையிலோ புதுக்கோட்டையிலோ சொந்த வீடு உண்டு. ஊர்களில் தங்கல் மட்டும் இல்லை.

இக்கலைஞர்களைப் பற்றிச் சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட ஆய்வுநூல், பெண் கலைஞர்கள் ஊரார் பார்வையினின்று தம்மைக் காத்துக்கொண்டு பயணம் செய்யும் முறைகளை ஆராய்கிறது. கலைஞர்கள் தம்முள் வழங்கும் குழூஉக்குறியும் அவர் ஆய்வுக்குரிய பொருளாயிற்று. தங்கல் இல்லாதபோது மறைப்பு எங்கு நிகழ்கிறது என்பதை இவ்விரண்டும் காட்டுகின்றன. கம்பெனி வீட்டுக்குச் சுவர்கள் இருந்தன; உள்ளே பேசுவது வெளியே கேளாது. ஸ்பெஷல் நாடகக் கலைஞர்க்கு அச்சுவர் இல்லை. மொழியே சுவராயிற்று.

7. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து நடைமுறைக்குரிய சில கருத்துகளை வகுக்கலாம்.

முதலாவது, தமிழிலிருந்து தெலுங்குக்குப் பெயர்ப்போர் 'ஜாகை'யை 'ஜாகா' என்று பெயர்க்கலாகாது. ஒலி ஒன்றுபோல் இருப்பினும் தெலுங்கு வாசகர் அதை மனை அல்லது நிலம் எனக் கொள்வர். வாடகைக்குக் கூட வழியற்ற நடிகர் நிலவுடைமையாளராகிவிடுவார். இடத்துக்கேற்ப 'மகாம்' அல்லது 'பச' என்பதே தக்கது.

இரண்டாவது, தெலுங்கு 'விடிதி'யைத் தமிழில் 'விடுதி' என்று பெயர்ப்பதும் அவ்வாறே ஆகாது. தெலுங்கில் அச்சொல் மணமகன் வீட்டாரைத் தங்கவைக்கும் இல்லம் போன்ற, விருந்தோம்பலோடு கூடிய தங்கலை உணர்த்தும். இன்றைய தமிழ் 'விடுதி' பணம் செலுத்தித் தங்கும் இடம் அல்லது மாணவர் தங்கும் இடம். இனச்சொல் என்பது பொருளொப்புமைக்கு உறுதியன்று.

மூன்றாவது, ஆங்கிலத்துக்குப் பெயர்ப்போர்க்கு அம்மொழி நாடகத்தாரின் 'டிக்ஸ்' என்னும் சொல் நினைவுக்கு வரும். ஊர்தோறும் வாடகை அறையில் சில நாள் தங்கும் நடிகரின் இருப்பிடம் அது. 'ஜாகை'க்கு அது ஓரளவு பொருந்தும். 'கம்பெனி வீட்டு'க்குப் பொருந்தாது. டிக்ஸில் தங்குபவர் தாமே வாடகை தருபவர். கம்பெனி வீட்டுச் சிறுவர் அவ்வாறல்லர். இத்தகைய இடங்களில் மூலச்சொல்லையே எழுத்துப்பெயர்த்து, முதல் வரவில் ஒரு தொடரால் விளக்கிவிடுவது நன்று.

நான்காவது, தனித்தமிழ் நோக்கில் பழைய தன்வரலாறுகளைத் திருத்திப் பதிப்பிப்பது பற்றியது. தூய தமிழில் புதியது படைப்பது ஒரு பணி. பிறர் எழுதியதைத் தூய்மைப்படுத்துவது வேறு பணி. 'ஜாகை', 'முகாம்', 'வசூல்', 'படுதா' ஆகிய சொற்களை நீக்கினால் நூல் தமிழில் வளம் பெறுவதில்லை. மராட்டியும் தெலுங்கும் தக்காண உருதும் வழங்கிய நிலங்களினூடே நாடகம் தமிழுக்கு வந்த வழியே நூலினின்று அழிகிறது. கடன்சொல் அங்குக் குறையன்று, பயணச் சான்று.

ஐந்தாவது, அகராதியியலார் கடமை. இச்சொற்களுக்குப் பொருள் கூறுங்கால் 'தங்குமிடம்' என்று மட்டும் குறிப்பது போதாது. கால அளவு, செலவேற்பவர், தனியரா குழுவா என்னும் குறிப்பு, உடன்வரும் வினை ஆகியவற்றையும் தருதல் வேண்டும். 'கம்பெனி வீடு' போன்ற தொகைகளுக்குத் தனிப்பதிவு தேவை.

8. முடிவுரை

நாடகக் கலைஞரின் நகர வாழ்க்கை பெரும்பாலும் மேடையைக் கொண்டே எழுதப்பட்டுவருகிறது. எந்த நாடகம், எந்த அரங்கு, எத்தனை நாள் என்னும் கணக்கே வரலாறாகிறது. திரை விழுந்த பின் அவர் எங்குச் சென்று படுத்தார் என்பதும் வரலாறே. அதற்குக் கல்வெட்டு இல்லை, ஊர்ப்பெயர் இல்லை, சொற்களே உண்டு. 1891இல் பெல்லாரிக் குழு சென்னையில் தங்கியது சில நாளே. அதன் விளைவு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. மாறாக, பாய்ஸ் கம்பெனிச் சிறுவர் நகரந்தோறும் பல மாதம் தங்கினர். அந்நகரங்களில் அவர்கள் தங்கிய வீடுகளை அடையாளம் காட்டுவார் இன்று அரியர்.

வாரங்கல் சாலை வழியே உப்பலைக் கடந்து ஐதராபாத்துக்குள் நுழையும் கலைஞர்க்கு நகரின் மேற்கு எல்லையிலுள்ள சுரபி காலனி ஒரு செய்தியைச் சொல்கிறது: தங்கலும் குடியிருப்பாகலாம். ஆயினும் அவ்வாறு குடியமர்ந்தோர் சிலரே. ஏனையோர் தங்கிய இடம் இன்று மொழியிலேயே உள்ளது. அங்கும் அவர்களுக்கு இடமில்லாமற் செய்துவிடாதிருப்பது, மொழிபெயர்ப்பாளரும் பதிப்பாசிரியரும் அகராதியியலாரும் ஏற்க வேண்டிய பொறுப்பாகும்.